வயதானவர்களின் தூக்கமும் நினைவாற்றலும்

சென்னையில் முதியோருக்கான நினைவாற்றல் பிரிவு ஒன்றில் உளவியலாளராகப் பணிபுரியும் நான், சோதனைத் தாளை எடுக்கும் முன் இரவுத் தூக்கத்தைப் பற்றி விசாரித்துவிடுவேன். "நல்லா குறட்டை விட்டுத் தூங்குறாங்க மேடம்" என்று உடன் வரும் மகளோ மருமகளோ நிம்மதியாகச் சொல்லும்போதுதான் எனக்குக் கவலை பிறக்கிறது. குறட்டை சட்டென்று நின்று, மூச்சு தடைப்பட்டு, பின் திணறலோடு திரும்புமானால், இரவெல்லாம் உயிர்வளி ஏறி இறங்கிய களைப்போடுதான் அந்த மனிதர் மறுநாள் நம் எதிரே அமர்ந்திருப்பார். மனத்தில் பதியாத ஒன்றை நினைவிலிருந்து எப்படி எடுப்பது?

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னேன். எண்களை அழகாக எழுதியவர், முள் வரைவதற்குள் கண் சொருகினார். அவருடைய மஞ்சள் பையில், என்றோ எழுதித் தந்த சீட்டை வைத்து இன்றும் வாங்கிவரும் அல்பிரசோலம் என்னும் பதற்றம் தணித்து உறக்கம் வரவழைக்கும் மாத்திரை அட்டையும், இரவு உணவுக்குப் பின் விழுங்கிவந்த நீர் பிரியும் மாத்திரையும் இருந்தன. மருத்துவர் பின்னதைக் காலைக்கு மாற்றி, முன்னதைப் படிப்படியாகக் குறைத்தார் (அதைத் திடீரென நிறுத்துவது ஆபத்து). மறுசோதனையில் முட்கள் சரியாக அமைந்தன. ஆனால் நினைவில் வைக்கச் சொன்ன சொற்களில் சில திரும்பவில்லை, ஆகவே பரிசோதனைகள் தொடர்ந்தன.

உறங்கும் எலிகளின் மூளையில் செல்களுக்கு இடைப்பட்ட வெளி ஏறத்தாழ 60 சதவீதம் விரிவதையும், மறதிநோயோடு தொடர்புள்ள பீட்டா அமிலாய்டு என்னும் புரதம் விரைந்து வெளியேறுவதையும் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மெய்க்கன் நெடர்கார்டு குழுவினர் 2013இல் கண்டனர். பிரிட்டனில் ஏறத்தாழ 8,000 பேரை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2021இல் வெளியான ஆய்வில், 50, 60, 70 வயதுகளில் தொடர்ந்து 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியோருக்கு, 7 மணி நேரம் உறங்கியோரைவிட மறதிநோய் 30 சதவீதம் அதிகமாக இருந்தது. மறதிநோயும் தொடக்கத்திலேயே தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால், எது காரணம், எது விளைவு என்று அவசரப்பட்டுச் சொல்ல முடியாது.

வயதானால் தூக்கம் லேசாகும் என்பது உண்மை. தேவை அதே அளவுக்குக் குறைந்துவிடுவதில்லை. 65 வயதைக் கடந்தோருக்கும் 7 முதல் 8 மணி நேரம் பரிந்துரைக்கப்படுகிறது. நம் நகரத்து வீடுகளிலோ, "தாத்தாதான் தூங்கமாட்டாரே" என்று, விடியுமுன் எழுந்து மெட்ரோ வாட்டருக்கு மோட்டார் போடும் வேலையை அவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். அந்த வேலையை இளையவர்கள் ஏற்க வேண்டும் என்று நான் வெளிப்படையாகவே கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை வரும்போது இரவுக் குறட்டையை ஒரு நிமிடம் செல்போனில் பதிந்து எடுத்துவரவும் சொல்கிறேன்.