கழுக்குன்றத்தில் தங்கி, கந்தசாமியையும் கல்யாணப் பெருமாளையும்...

திருக்கழுக்குன்றம், திருப்போரூர், மாமல்லபுரம், திருவிடந்தை நான்கையும் சென்னையிலிருந்து கிளம்பி ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உச்சிவேளையில் நடை சாத்திவிட்டால், மறுபடி திறக்கும்வரை காருக்குள் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் இந்த முறை திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பண்ணை வீடு பிடித்துத் தங்கினோம். வீட்டுக்காரர் முதலைப் பண்ணை, முட்டுக்காடு படகு என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டினார். அம்மாவிடம் வேறு பட்டியல் இருந்தது. அதுவே ஜெயித்தது.

முதலில் மலைக்கோயில். வேதங்களே மலையாக நிற்பதால் சுவாமிக்கு வேதகிரீஸ்வரர் என்று பெயர். அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர் நால்வரும் பாடிய தலம். 560-க்கும் மேற்பட்ட படிகள். வெயில் ஏறுமுன் ஏறத் தொடங்கிவிட வேண்டும். கல் சூடேறிவிட்டால் வெறுங்காலில் நிற்க முடியாது. அம்மாவின் முழங்காலைப் பார்த்து டோலிக்காரர்கள் கூடவே வந்தார்கள். "நான் சாமி பார்க்க இன்னொருத்தர் தோள் நோகணுமாப்பா?" என்று சொல்லிவிட்டு, பத்துப் படிக்கு ஒரு தரம் உட்கார்ந்து, ஒவ்வொரு தரமும் எழும்போது "சிவசிவா" என்று முட்டியைத் தட்டிக்கொண்டு ஏறினார். பேரப்பிள்ளைகள் அதற்குள் மேலே போய்க் கீழே வந்து மறுபடி மேலே போனார்கள்.

மேலே எல்லோரும் கேட்பது கழுகைத்தான். முன்பெல்லாம் நாள்தோறும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டுப் போகும். கல்யாணமான புதிதில் அம்மா பார்த்திருக்கிறார். 1990-களுக்குப் பிறகு அவை வருவதில்லை. ஆனாலும் பன்னிரண்டு மணி நெருங்கியதும் அங்கே நின்றிருந்த பாதிப்பேர் அண்ணாந்துதான் பார்த்தார்கள். நானும்தான்.

இறங்கும் வழியில் பல்லவர் காலத்து ஒருகல் மண்டபம் இருக்கிறது, தவறவிடாதீர்கள். 17-ஆம் நூற்றாண்டில் வந்த டச்சுக்காரர்கள் சுவரில் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். கோயில் சுவரில் பெயர் எழுதும் நம்மூர்ப் பையன்களை இனி எந்த வாயால் திட்டுவது!

சாயங்காலம் மலையடிவாரத்துத் தாழக்கோயிலில் பக்தவத்சலேஸ்வரர், திரிபுரசுந்தரி அம்மன் தரிசனம். அப்புறம் சங்கு தீர்த்தம். இந்த நன்னீர்க் குளத்தில் 12 ஆண்டுக்கு ஒருமுறை சங்கு பிறக்கிறது என்பது நம்பிக்கை. அதைக் கோயிலில் வைத்து வழிபடுகிறார்கள். படியில் உட்கார்ந்து அவசரமில்லாமல் காலை நனைத்துக்கொண்டிருந்தோம். ஊருக்குள்ளேயே தங்கியதன் லாபம் இதுதான்.

திருப்போரூர் கந்தசாமி பனைமரத்தில் உருவான சுயம்பு. அதனால் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது, மந்திரச் சக்கரமான யந்திரத்துக்குத்தான். கோயிலை மீட்டு எழுப்பியவர் சிதம்பர சுவாமிகள். அவர் பாடிய 'திருப்போரூர் சந்நிதி முறை' என்ற நூலில் 726 பாடல்கள். கூட்டமில்லாத நாளில் போனால் முருகன் முன்னால் நின்று நிதானமாகக் கும்பிடலாம். கிருத்திகையன்று போனால் வரிசையோடு நகர வேண்டியதுதான்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூடத் தலசயனப் பெருமாளைப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். ஆதிசேஷன் இல்லாமல் வெறும் தரையில் சயனித்திருக்கிறார். பன்னிரு ஆழ்வார்களில் ஒருவரான பூதத்தாழ்வார் அவதரித்த ஊரும் இதுதான்.

ஊர் திரும்பும்போது திருவிடந்தை. காலவ ரிஷியின் 360 பெண்களை நாளுக்கு ஒருத்தியாக மணந்து, எல்லோரையும் ஒரே அகிலவல்லியாக்கி இடப்பக்கம் வைத்துக்கொண்ட நித்யகல்யாணப் பெருமாள். அண்ணன் மகனுக்கு இன்னும் வரன் அமையவில்லை. இரண்டு மாலை வாங்கிக் கொடுத்தோம். அர்ச்சனை முடிந்ததும் பட்டர் ஒன்றை அவன் கழுத்தில் போட்டு ஒன்பது சுற்று சுற்றச் சொன்னார். ஐ.டி.யில் வேலை பார்க்கும் பையன், யாராவது போட்டோ எடுக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே சுற்றினான். அந்த மாலையைப் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணமானதும் ஜோடியாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

வண்டி கோவளம் தாண்டவில்லை, அம்மா பின்சீட்டிலிருந்து தரகருக்குப் போன் போட்டுவிட்டார்.