தோப்பறையும் ஜாய்ஸ்டிக்கும்

வீடியோ கேம் ஒரு கலையா என்று எங்கள் வீட்டில் கேட்டால் "கரண்ட் பில்லுக்குப் பிடித்த கேடு" என்பார்கள். சரி, அதை விடுவோம். சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 2010-இல் கேம் ஒருநாளும் கலை ஆகாது என்று எழுதி ஊர்ப்பட்ட வசவு வாங்கினார், அப்புறம் ஆடிப் பார்க்காமல் சொல்லியிருக்கக் கூடாது என்று கொஞ்சம் இறங்கியும் வந்தார். ஆனால் அதற்கும் முன்பிருந்தே அவர் சொல்லிவந்த ஒரு வாதம் லேசுப்பட்டதில்லை: ஆடுகிறவன் இஷ்டத்துக்கு எல்லாம் நடந்தால் படைத்தவன் கையில் என்னதான் மிச்சம்?

மதுரைக்காரர்களுக்கு இது பெரிய குழப்பமே இல்லை. அழகர் ஆற்றில் இறங்கும்போது, சல்லடம் என்னும் வேஷ உடை கட்டி, தோப்பறை என்ற தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிற பக்தர் இருக்கிறாரே, அவர் வேடிக்கை பார்க்க வந்தவரா, விழாவை நடத்துகிறவரா? எங்கே நிற்பது, எப்போது பீய்ச்சுவது எல்லாம் அவர் பாடு. ஆனால் அந்த வேஷத்தையும் அந்தத் தோல்பையையும் யாரோ எப்போதோ வகுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் விழா.

2023-இல் வந்த 'வெண்பா'வை ஆடிப் பாருங்கள். டொரொண்டோவில் செய்த கேம். 1980-களின் கடைசியில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்து மங்கிப்போன சமையல் குறிப்புப் புத்தகம், அவ்வளவுதான் கதை. இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி மேலே வரும் என்று கிழிந்த பக்கத்தை வைத்துக்கொண்டு நாமே யோசித்து அடுக்க வேண்டும், தப்பினால் திரும்ப முதலிலிருந்து. பின்னால் மகன் கவின் அடுப்படிக்கு வரும்போது அதே குறிப்பைப் படிக்கவே திணறுவான். படமாக எடுத்திருந்தால் "பாவம் பையன்" என்று உச்சுக்கொட்டியிருப்போம், இங்கே திணறுவது நம் கை.

2005-இல் வந்த 'ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்' இன்னும் மோசம். 16 ராட்சத உருவங்களைக் கொல்ல வேண்டும், ஒவ்வொன்றும் சரியும்போது சோகமாக ஒரு இசை வரும். ஜெயித்தோம் என்ற நினைப்பே வராது. கதாநாயகன்மேல் பழி போடவும் வழியில்லை, பட்டனை அழுத்தியது நாம்தானே!

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-லேயே பேக்மேன், டெட்ரிஸ் உட்பட 14 கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்துவிட்டது. சந்தோஷம், ஆனால் அவர்கள் சேர்க்காவிட்டாலும் கேம் கலைதான் என்றே நான் சொல்லியிருப்பேன்.

அதற்காக, போனில் நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம் காட்டி, வைரம் வாங்கு பெட்டி வாங்கு என்று பிடுங்குகிற சமாச்சாரத்தையும் இதில் சேர்க்கச் சொல்லி யாரும் வராதீர்கள். அதில் என் கைக்கு இருக்கும் ஒரே வேலை ஜிபே பின் அடிப்பது.