லார்ட் ஜார்ஜ் மர்ரேயின் தொப்பியை வெட்டினேன்

மூன்று வாரமாக மேஜையில் கிடந்த 28 மி.மீ. உலோகப் பொம்மைக்கு இப்போதுதான் ஒரு முகம் வந்திருக்கிறது. ஆள் லார்ட் ஜார்ஜ் மர்ரே, ஸ்காட்லாந்தின் அத்தோல் டியூக் வீட்டுப் பிள்ளை. ஸ்டூவர்ட் வம்சத்தை மறுபடி அரியணையில் ஏற்ற 1715, 1719, 1745 என மூன்று கிளர்ச்சியிலும் இறங்கியவர். நடுவில் மன்னிப்பு வாங்கி, கல்யாணமாகி, குடும்பஸ்தராக அடங்கி இருந்த மனுஷன், ஐம்பது வயதில் திரும்பவும் வாளை எடுத்தார்.

முதல் வாரம் டார்ட்டன் என்கிற ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட துணியிலேயே போனது. கரும்பச்சை மேல் சிவப்புக் கோடு போட்டால் அசல் லுங்கிக் கட்டம். பெயின்ட்டில் இன்னும் தண்ணீர் சேர்த்து, பிரஷ்ஷை டிஷ்யூவில் ஒற்றி எடுத்து, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மட்டும் வெளிர் புள்ளி வைத்த பிறகுதான் துணி மாதிரி தெரிந்தது.

அப்புறம், எந்த நாளின் மர்ரேயைச் செய்வது? எனக்குப் பிடித்தது 1746 மார்ச், பிளேர் கோட்டை. அரசுப் படை உள்ளே உட்கார்ந்திருக்க, சொந்தக் குடும்பத்து வீட்டின் மேலேயே குண்டைப் பழுக்கக் காய்ச்சிச் சுட்டார். பீரங்கி சின்னது, சுவர் தடிமன், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதற்குப் பீரங்கி வேண்டும், என்னிடம் இருப்பது ஒற்றை ஆள்.

சரி, கிளர்ச்சியை முடித்துவைத்த கலோடன் போர், அதே வருஷம் ஏப்ரல் 16. அந்தத் திறந்த வெளி எதிரியின் பீரங்கிக்குத்தான் வசதி என்று முன்னாடியே சொன்னார், கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸ் கேட்கவில்லை. சண்டையில் குதிரை போச்சு, தொப்பியும் விக்கும் போச்சு. என் பொம்மைக்கோ தொப்பி உண்டு, அதில் ஜாக்கோபைட்டுகள் என்கிற ஸ்டூவர்ட் ஆதரவாளர்களின் அடையாளமான வெள்ளை ரிப்பன் பூ வேறு. அதை வரையவே ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு பிளேடு வைத்தேன், கூடவே மண்டையிலும் கொஞ்சம் வந்துவிட்டது. எம்-சீல் உருட்டி அடைத்து, ஊசி முனையால் ஒட்ட வெட்டிய முடி கீறினேன். திடீரென்று ஆளுக்குப் பத்து வயது கூடிவிட்டது. மறுநாள் இளவரசரைக் குற்றம் சாட்டி ராஜினாமாக் கடிதம் எழுதியதும், 1760-இல் ஹாலந்தின் மெடம்பிளிக்கில் அகதியாகவே இறந்ததும் இந்த முகத்துக்குத்தான் பொருந்துகிறது.

பாக்கி, காலடியில் சதுப்பு நிலம். ஃபெவிகால் தடவித் தூவ, வடிகட்டிய டீத்தூள் மொட்டைமாடியில் காய்கிறது.