அப்பாவின் கல்ச்சரை லேபில் அழித்துவிட்டார்கள்

அப்பா காலில் ராடு வைத்துப் பதினோரு மாதம் ஆகிறது. புண் மட்டும் ஆறவே இல்லை. புண்ணிலிருந்து எடுத்த கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. ரிப்போர்ட்டில் ஒவ்வோர் ஆன்டிபயாட்டிக்குக்கு நேரேயும் ‘ஆர்’, ‘ஆர்’ (கேட்காது) என்று இறங்கிக்கொண்டே போய், கொலிஸ்டின் என்ற மருந்துக்கு நேரே மட்டும் ஓர் ‘ஐ’ (இடைநிலை). அதைப் போட்டதில் சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியேட்டினின் 1.1-லிருந்து 2.6-க்கு ஏறிவிட்டது.

பாக்டீரியாவைத் தாக்கிக் கொல்லும் வைரஸான ஃபேஜை மருந்தாகக் கொடுக்கலாமா என்று கேட்டேன். எலும்பு டாக்டர், “வைரஸை உடம்புல ஏத்தச் சொல்றியாம்மா?” என்றதோடு சரி. தொற்றுநோய் டாக்டருக்கு எல்லாமே தெரிந்திருந்தது. டெரெல் என்ற விஞ்ஞானி 1917-லேயே அதற்குப் பெயர் வைத்தது, 1920-களில் இந்தியாவுக்கே வந்து காலராவுக்குக் கொடுத்துப் பார்த்தது, ஜார்ஜியா நாட்டில் 1923-இல் தொடங்கிய, ஃபேஜ் ஆராய்ச்சிக்கான எலியாவா நிறுவனம், எல்லாம் அவர் சொல்லித்தான் கேட்டேன். ஆனால் மனதில் இருந்ததை மூன்றாவது முறை போனபோதுதான் சொன்னார்: “இங்க அனுமதி வாங்கின மருந்து கிடையாது. பெரிய ஆய்வுகளும் போதாது. ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?”

அந்தப் பயம் நியாயம்தான். முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் குடியாத்தத்திலிருந்து அப்பா காலை என் மடியில் நீட்டி வைத்துக்கொண்டு காரில் வந்தோம்.

ஒரு ஃபேஜ் எல்லா சூடோமோனாஸையும் கொல்லாது. அப்பா காலில் இருக்கும் அதே கிருமியோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கிருமியைக் கேட்டு லேப் கவுன்டருக்குப் போனால், “அதெல்லாம் போன வாரமே ஆட்டோகிளேவ்ல போட்டாச்சு, ரிப்போர்ட்தான் குடுத்துட்டோமே” என்றார் அங்கிருந்தவர். நீராவியில் கொன்று அழித்துவிட்டார்கள். தலை நிமிரவே இல்லை. ஆன்டிபயாட்டிக்கை இரண்டு வாரம் நிறுத்தி, புண்ணுக்குள் ஆழமாகச் சுரண்டி மறுபடி சாம்பிள் எடுத்தார்கள். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அப்பாவின் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள்: கல்ச்சர் கொடுக்கும் அன்றே ‘ஐசோலேட்டை (பிரித்தெடுத்த கிருமியை) சேமித்து வைக்கவும்’ என்று ரிக்வெஸ்ட் ஃபார்மில் டாக்டர் கையால் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது நிற்காது.

தொற்றுநோய் டாக்டர் மனசு மாறியது ஒரு காகிதத்தால். சொந்த உபயோகத்துக்கு மருந்து இறக்குமதி செய்ய நோயாளியே ஃபார்ம் 12ஏ-வில் விண்ணப்பிக்கலாம், 12பி-யில் அனுமதி வரும், டாக்டர் சீட்டு இருந்தால் போதும் என்ற விதியைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு தடவை படித்தார். “இதை முன்னாடியே கொண்டாந்திருக்கலாமேம்மா” என்றார்.

புதிதாக எடுத்த கிருமியை ஃபேஜ் லேபுக்கு அனுப்பப் போனால், வேலூரில் கூரியர்காரர் தெர்மோகோல் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றடுக்குப் பேக்கிங்கும், நோய்க்கிருமி மாதிரி என்று காட்டும் யூஎன் 3373 லேபிளும் இல்லாமல் கிருமியை எடுக்க மாட்டார்களாம். காட்பாடியில் ரயிலேறிச் சென்னை போய் அனுப்பினேன்.

போன வாரம் பதில் வந்தது. இரண்டு ஃபேஜ் ஒத்துவந்திருக்கின்றன. நேற்று சாயங்காலம் டாக்டர் சீட்டில் மருந்தின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்பா அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், என்னிடம் தரவில்லை.