அண்ணனுக்கு எழுதிய பயோடேட்டா

பெரியம்மா மகனுக்கு 36 வயது முடிந்தும் வரன் அமையவில்லை. ஜாதகம் மட்டும் போதாது, இங்கிலீஷில் பயோடேட்டா வேண்டும் என்று தரகர் சொல்லிவிட்டாராம். "நீதான்டா நாள் பூரா இங்கிலீஷ்ல மெயில் அனுப்புறே" என்று பெரியம்மா அந்த வேலையை என் தலையில் கட்டினார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒல்லியா இருப்பான்: ஸ்கின்னி. காசை எண்ணித்தான் செலவு பண்ணுவான்: ஸ்டிஞ்சி. குழந்தை மனசு: சைல்டிஷ். பொண்ணு குடும்பப்பாங்கா இருந்தா போதும்: ஹோம்லி. பத்தே நிமிடம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

டம்ளரைக் கீழே வைக்கவில்லை, போன். நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்த அக்கா மகள். அங்கே நடுராத்திரி. "மாமா, பெரிய மாமாவுக்குப் பொண்ணு தேடுறீங்களா, இல்ல அவர் மேல கேஸ் போடுறீங்களா?"

நான் எழுதியதை அவள் தமிழில் சொன்னபோதுதான் உறைத்தது. மாப்பிள்ளை நோஞ்சான், கஞ்சன், வயதுக்கேற்ற புத்தி இல்லாதவன். பெண் பார்க்கச் சுமாராக இருந்தால் போதும்! நான் எழுத நினைத்தது ஸ்லிம், திரிஃப்டி, சைல்ட்லைக். சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் தமிழில் வித்தியாசம் தெரிந்த எனக்கு இங்கிலீஷில் எல்லாம் ஒரே சாக்கு மூட்டை.

ஹோம்லிக்கு மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை பக்கத்தில் எத்தனை வருஷமாகப் பார்க்கிறோம்! ஆனால் அமெரிக்காவில் அது அழகில்லாத முகத்தைச் சொல்லுமாம். இங்கிலாந்தில் வீட்டையோ விடுதியையோ ஹோம்லி என்றால் ஆடம்பரமில்லாமல் சௌகரியமாக இருக்கிறது என்று பாராட்டு. ஒரே சொல், மூன்று ஊரில் மூன்று குணம். நம் ஊர் மாப்பிள்ளைக்கு நம் ஊர் அர்த்தம்தான் என்று அதை அப்படியே வைத்துக்கொண்டேன். மற்ற மூன்றையும் திருத்தி அண்ணனுக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் அண்ணனே வீட்டுக்கு வந்தான், கையில் பழைய பயோடேட்டா, நாலு பிரதி.

"திருத்தினதை அனுப்பினேனே அண்ணே, பாக்கலையா?"

"பாத்தேன்டா. அதுக்குள்ள இதை பிரிண்ட் எடுத்துட்டேன். ஒரு தாளுக்கு அஞ்சு ரூபா வாங்கிட்டான். எதுக்கு வீணாக்கணும், பேனாவால அடிச்சுத் திருத்திக் குடு."

பேனாவை வாங்கினேன். ஸ்கின்னியை அடித்தேன், சைல்டிஷை அடித்தேன். ஸ்டிஞ்சியை மட்டும் தொடவில்லை.