ஐஎஸ்எஸ்ல இருந்து ஒரு படம் புடிக்க எனக்கு ஆறு வாரம் ஆச்சு

இன்னும் முடியாத வேலைதான், ஆனா பண்ணின தப்பெல்லாம் மறக்கறதுக்குள்ள எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

விஷயம் என்னன்னா, சர்வதேச விண்வெளி நிலையத்துல, அதான் ஐஎஸ்எஸ்ல, ரெண்டு ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்கா ரேடியோவுல பேசறவங்க வச்சிருக்கற மாதிரி ரேடியோ, இருக்கு. கொலம்பஸ் மாட்யூல்ல ஒண்ணு, ரஷ்யாக்காரங்களோட ஸ்வெஸ்தா மாட்யூல்ல ஒண்ணு. 145.800 மெகாஹெர்ட்ஸ்ல சாதா எஃப்எம்ல குரல் வரும், சில நாள்ல எஸ்எஸ்டிவின்னு ஒரு முறையில படத்தை சத்தமா மாத்தி அனுப்புவாங்க. நம்ம பக்கம் அந்த சத்தத்தை ஒரு ஆப்புக்கு குடுத்தா படம் கோடு கோடா விரியும். திருப்பி பேசணும்னாதான் லைசன்ஸ் வேணும், அது என்கிட்ட இல்ல. எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம்.

முதல் வாரம் ஆன்டெனாலயே போச்சு. 300ஐ 145.8ஆல வகுத்தா அலைநீளம் 2.06 மீட்டர், அதுல கால்வாசி 51 சென்டிமீட்டர் சொச்சம், உலோகத்துல கொஞ்சம் குறைச்சு வெட்டணும்ங்கறதால 49. ரெண்டு அலுமினிய கம்பியை 49, 49ன்னு வெட்டி, ஒரு ஸ்க்ரூ கனெக்டர்ல மாட்டி, 120 டிகிரியில வி மாதிரி விரிச்சு வச்சேன். அதுல இருந்து கேபிள், கேபிள்ல ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிள் (யுஎஸ்பியில சொருகற குட்டி ரேடியோ ரிசீவர்), டாங்கிள் லேப்டாப்ல. அவ்ளோதான் செட்டப்பு. மொட்டை மாடியில வச்சு பாத்தப்போ ஸ்கிரீன் முழுக்க மஞ்ச மஞ்சயா கோடு. ஆஹா இவ்ளோ சிக்னலான்னு நெனச்சேன், கடைசியில பாத்தா அம்புட்டும் என் லேப்டாப் சார்ஜர் போட்ட இரைச்சல். பிளக்கை புடுங்கினதும் ஸ்கிரீன் அமைதியாயிடுச்சு. அன்னிக்கு ஐஎஸ்எஸ் என் தலைக்கு மேல போயிருக்கு, நான் சார்ஜரைத்தான் ரிசீவ் பண்ணிட்டு இருந்திருக்கேன்.

ரெண்டாவது வாரம் நாலு பாஸ் பாத்தேன், நாலுலயும் ஒண்ணும் வரல. பாஸ்னா அது நம்ம அடிவானத்துல ஏறி மறுபக்கம் இறங்கற நேரம், நல்ல பாஸா இருந்தா 10 நிமிஷம். ஆன்டெனாவை ரெண்டு தடவ பிரிச்சு மாட்டினேன், அப்புறம்தான் தெரிஞ்சுது அதுல ஒரு நாள் ஸ்பேஸ்வாக்காம். ஆள் வெளிய இருக்கும்போதும், கப்பல் வந்து ஒட்டும்போதும் பாதுகாப்புக்காக இந்த ரேடியோவை ஆஃப் பண்ணிடுவாங்க. நான் இங்க கம்பியை திட்டிட்டு இருந்தேன். இப்பல்லாம் மாடி ஏறறதுக்கு முன்னாடி அவங்க ஷெட்யூல் பாத்துட்டுதான் ஏறறேன்.

மூணாவது வாரம் நடந்ததுதான் எனக்கு ரொம்ப புடிச்ச தப்பு. பாஸ் டைம் கணக்கு போட டிஎல்இன்னு ரெண்டு வரி சுத்துப்பாதை நம்பர் இருக்கும், அதை டவுன்லோட் பண்ணி சாஃப்ட்வேர்ல போடணும். நான் ஒரு தடவ போட்டுட்டு அப்படியே விட்டுட்டேன், கிரகம் மாதிரி அது பாட்டுக்கு சுத்தும்னு நெனப்பு. அன்னிக்கு சாயந்திரம் 7:12க்கு வரணும். அக்கா பையனும் கூட வந்திருந்தான், நாந்தான் வா காட்டறேன்னு இழுத்துட்டு வந்தேன். 7:12, 7:13, 7:14, ஒண்ணும் இல்ல. சரி இன்னிக்கும் அவ்ளோதான்னு கேபிளை சுருட்ட ஆரம்பிச்சேன், "மாமா, அங்க பாருங்க, லைட்டே மினுக்காம ஒரு பிளேன் போகுது"ன்னான். பிளேன் இல்ல, அதான் ஐஎஸ்எஸ். மூணு நிமிஷம் லேட்டு. என் கையில சுருட்டின கேபிளு.

ஏன் லேட்டுன்னு உக்காந்து படிச்சப்போதான் செம்மையா இருந்துச்சு. 400 கிலோமீட்டர் உயரத்துலயும் காத்து கொஞ்சூண்டு இருக்கு, அது உரசி உரசி நிலையம் மாசத்துக்கு சுமார் 2 கிலோமீட்டர் இறங்கும். அதனால அப்பப்போ எஞ்சினை போட்டு மேல தள்ளுவாங்க, ரீபூஸ்ட்னு பேரு. இப்ப கணக்கு பாருங்க, பாதை 2 கிலோமீட்டர் உசந்தா ஒரு சுத்துக்கு ரெண்டு செகண்டுக்கு மேல கூட ஆகும், ஒரு நாளைக்கு பதினஞ்சரை சுத்து, அப்ப நாளைக்கு அரை நிமிஷத்துக்கு மேல. ஆறு நாள்ல மூணு நிமிஷம்! எஞ்சினை போட்டு வேகமா தள்ளினதாலதான் அது லேட்டா வந்திருக்கு, வேகம் கூட்டினா பெரிய வட்டத்துக்கு ஏறிடும், பெரிய வட்டம் சுத்த நேரம் ஜாஸ்தி. இதை அக்கா பையனுக்கு சொல்லிப் புரிய வைக்கறதுக்குள்ள எனக்கே ரெண்டு தடவ குழம்பிடுச்சு. அதுலருந்து தினமும் காலையில புது டிஎல்இ.

நாலாவது வாரம் முதல் சத்தம் கேட்டுச்சு. ஆனா பாஸோட நடுவுல மட்டும்தான் தெளிவா, ஆரம்பத்துலயும் கடைசியிலயும் ஒரே கரகரப்பு. தூரம் ஒரு காரணம், தலைக்கு மேல 400 கிலோமீட்டர்ல இருக்கறது அடிவானத்துல இருக்கும்போது 2,300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். இன்னொரு காரணம் நானே. செகண்டுக்கு 7.66 கிலோமீட்டர் வேகத்துல வருதா, டாப்ளர் விளைவால, அதாவது கிட்ட வர்ற ஆம்புலன்ஸ் சத்தம் கீச்சுன்னு கேக்கற மாதிரி, அலைவரிசை வரும்போது மூணரை கிலோஹெர்ட்ஸ் மேல தெரியும், போகும்போது அதே அளவு கீழ. நான் இரைச்சல் குறையட்டும்னு ஃபில்டரை 8 கிலோஹெர்ட்ஸுக்கு இறுக்கி வச்சிருந்தேன், சிக்னலோட ஓரத்தை நானே வெட்டிட்டு இருந்திருக்கேன். 16க்கு அகலப்படுத்தினதும் பாதி கரகரப்பு போச்சு.

அந்த வாரம் கேட்டது படம் இல்ல, விண்வெளி வீரர் ஸ்கூல் பசங்க கேள்விக்கு பதில் சொல்ற பேச்சு. எங்கயோ ஒரு ஸ்கூல்ல இருந்து கேள்வி கேட்டிருக்காங்க, அவங்க மேல அனுப்பற அலைவரிசை வேற, அதோட அவங்க எனக்கு அடிவானத்துக்கு கீழ, அதனால கேள்வி எனக்கு கேக்காது, பதில் மட்டும்தான். ஒரு பக்கம் மட்டும் கேக்கற போன் கால் மாதிரி, பதிலை வச்சு கேள்வியை நாம யூகிக்கணும். ஒரு பதில்ல தூங்கற எடத்துல ஃபேன் எப்பவும் ஓடணும்னு வந்துச்சு. இது தூக்கத்தை பத்தின கேள்வின்னு புரிஞ்சுது, ஃபேன் எதுக்குன்னு புரியல. அப்புறம் தேடினேன். எடை இல்லாத எடத்துல சூடான காத்து மேல போகாது, அங்க மேலன்னு ஒண்ணு இருந்தாத்தானே. நாம விடற மூச்சு மூஞ்சிக்கு முன்னாடியே மேகம் மாதிரி நின்னுடும், ஃபேன் இல்லன்னா அந்த கார்பன் டை ஆக்சைடையே திரும்ப இழுத்துட்டு தூங்கணும். அந்த உயரத்துல ஈர்ப்பு விசை ஒண்ணும் காணாம போயிடல, தரையில இருக்கறதுல கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கு, நிலையமும் ஆளும் சேர்ந்தே விழுந்துட்டு இருக்கறதாலதான் மிதக்கறாங்க. 2000 நவம்பர் 2ல இருந்து ஒரு நாள் கூட ஆள் இல்லாம இருந்ததில்ல. அப்ப முதல்ல போன மூணு பேர்ல ஒருத்தர் செர்கேய் கிரிக்காலியோவ், சோவியத் யூனியன் உடைஞ்சப்போ அவங்களோட மிர் விண்வெளி நிலையத்துல 311 நாள் இருந்தாரே, அவரேதான். மிர்ல இருந்தும் இதே மாதிரி ஹாம் ரேடியோவுல பேசியிருக்கார்.

அஞ்சாவது வாரம் ஆன்டெனா மாத்தினேன். இரும்பு இன்ச் டேப்பை வெட்டி பிவிசி பைப்ல மாட்டி மூணு எலிமெண்ட் யாகி, அதாவது காட்டற திசையில மட்டும் நல்லா கேக்கற மூணு பட்டை ஆன்டெனா, பின்னாடி ஒரு மீட்டருக்கு கொஞ்சம் மேல, முன்னாடி 89 சென்டிமீட்டர். கையில புடிச்சு வானத்துல அதை துரத்தணும். சிக்னல் திடீர்னு அமுங்கும், அப்ப மணிக்கட்டை லேசா திருப்பினா திரும்ப எழும்பும், ஏன்னா அலை வர்ற சாய்வு மாறிட்டே இருக்கும். இது படிச்சு வரல, கை வலிச்சு மாத்தி புடிச்சப்போ தானா தெரிஞ்சுது.

எஸ்எஸ்டிவி போடற நாள் ஆறாவது வாரம்தான் வந்துச்சு. பிடி120ன்னு ஒரு முறை, ஒரு படத்துக்கு 2 நிமிஷம் சொச்சம், அப்புறம் ரெண்டு நிமிஷம் சும்மா இருக்கும், ஆக ஒரு பாஸ்ல ரெண்டு கெடச்சா பெருசு. முதல் பாஸ்ல படம் பாதி ஓடிட்டு இருக்கும்போதுதான் அடிவானத்துக்கு மேல வந்துச்சு, தொடக்க சிக்னலை தவறவிட்டதால சத்தத்தை படமா மாத்தற ரோபோட்36 ஆப்பு முழிச்சுது, கையால பிடி120னு செலக்ட் பண்றதுக்குள்ள முக்கால் போச்சு. அடுத்த சுத்து 93 நிமிஷம் கழிச்சு. அந்த நேரம் முழுக்க கீழ இறங்கவே இல்ல.

இந்த தடவ முதல்ல நீளமா ஒரு பீப், அப்புறம் அந்த கீச்சு கீச்சுன்னு அலையற சத்தம், போன் ஸ்கிரீன்ல மேலருந்து ரெண்டு ரெண்டு கோடா இறங்க ஆரம்பிச்சுது. முதல்ல நீலம், அப்புறம் ஆர்எஸ்0ஐஎஸ்எஸ்ங்கற அவங்க கால்சைன், அதான் ரேடியோவுல அவங்க அடையாளப் பேரு. அக்கா பையன் போனை புடிச்சிட்டு மூச்சு கூட விடல. படம் லேசா சாய்ஞ்சு இருக்கு, சவுண்ட் கார்டு கடிகாரம் கொஞ்சம் பிசகினா அப்படித்தான், அதை இன்னும் சரி பண்ணல. கீழருந்து நாலு விரல் உயரத்துல குறுக்கால ஒரு பட்டை மட்டும் புள்ளி புள்ளியா இரைச்சல், அது நான் வலது கையில இருந்து இடது கைக்கு யாகியை மாத்தின எடம்.