வெள்ளிக்கிழமை இடைவேளையில் ஜார்ஜ் டவுன்

கணக்கு மென்பொருள் பயிற்சிக்காகக் கோலாலம்பூரிலிருந்து ஒரு வாரம் பினாங்குக்கு அனுப்பப்பட்ட எனக்கு, முதல் நான்கு நாள்களும் அதன் தலைநகரான ஜார்ஜ் டவுன் என்பது பயிற்சி அறையின் சன்னலுக்கு வெளியே தெரிந்த ஓட்டுக்கூரைகள் மட்டும்தான். வெள்ளிக்கிழமையன்று ஜும்மா தொழுகைக்காகப் பன்னிரண்டே காலுக்கு விட்டு, இரண்டே முக்காலுக்குத் திரும்பி வரச் சொன்னார்கள். மலேசியாவில் அலுவலக வேலை பார்ப்பவர்களுக்கு அந்த இரண்டரை மணி நேரத்தின் அருமை தெரியும். பெரும்பாலோர் அதைச் சொந்த வேலைக்கோ தூக்கத்துக்கோ செலவிடுவார்கள். நான் நடக்கப் போனேன்.

காரணம் என் தாத்தா. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர் அவர். எப்போது கேட்டாலும் "கரையில எறங்குனோம், நடந்தோம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எந்தக் கரை, எங்கே நடந்தார் என்று பார்த்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

பயிற்சி நடந்த கட்டடம் பீச் ஸ்திரீட்டில் இருக்கிறது. மலாயில் லெபோ பந்தாய் என்றாலும் பொருள் கடற்கரைத் தெருதான். கடல் மட்டும் அங்கே இல்லை. 1786இல் இத்தீவில் இறங்கிய ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் நகரத்துக்குக் கோடு போட்டபோது லைட், பீச், சூலியா, பிட் ஆகிய நான்கு தெருக்களே அதன் எல்லைகளாக இருந்தன. அப்போது பீச் ஸ்திரீட் உண்மையிலேயே கடலோரத்தில்தான் கிடந்தது. 1880களில் கடலைத் தூர்த்து வெல்டு கீ என்ற புதிய கரையை அமைத்த பிறகு, பழைய கடற்கரைத் தெரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஊருக்குள் தங்கிவிட்டது. ரஜூலாவோ 1926இல் கட்டப்பட்ட கப்பல். ஆகவே தாத்தா மிதித்த கரையும் லைட் மிதித்த கரையும் ஒன்றல்ல என்பது முதல் பத்து நிமிடத்திலேயே தெளிவாகிவிட்டது.

வெயில் மண்டையைப் பிளந்தாலும் கடைகளின் முன்னே ஓடும் அஞ்சடி நடைபாதையில் ஒதுங்கி நடந்தால் தாங்கிக்கொள்ளலாம். கடைவீட்டின் மாடியே கூரையாக நிற்க, ஒரு கடையின் வாசலிலிருந்து அடுத்த கடையின் வாசலுக்கு நிழலிலேயே போய்விடலாம். இடையிடையே யாரோ நிறுத்தியிருக்கும் மோட்டார் சைக்கிளுக்காக வெயிலில் இறங்கி ஏற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அப்படியே பெனாங் ஸ்திரீட்டையும் கிங் ஸ்திரீட்டையும் கடந்து குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலை அடைந்தபோது நடை சாத்தியிருந்தார்கள். 1833இல் எழுந்த இக்கோயிலின் கோபுரம், துறைமுகத்தில் சுமை தூக்கியவர்களும் தோணி தள்ளியவர்களும் வந்த கடல் திசையைப் பார்த்து நிற்கிறது. வாசலில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த அக்கா, நான் கதவையே பார்த்து நிற்பதைக் கண்டு, "பின்னால பிட் ஸ்திரீட் பக்கமும் ஒரு வாசல் இருக்கு தம்பி, அதையும் பூட்டியாச்சு. சாயங்காலம் வாங்க" என்றார். பேசும்போதும் அவர் கை நிற்கவில்லை: இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நூலை ஒரு சுற்றுச் சுற்றி விரல்நுனியால் ஓர் இழுப்பு. ஒரு முழம் மல்லிகை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

பிட் ஸ்திரீட்டுக்கு இப்போது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங், அதாவது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்று பெயர். அந்தப் பள்ளிவாசலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவியவர், சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களின் தலைவராக இருந்த காதர் முகையதீன். இந்தியரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான 'கெலிங்' என்று இன்று நம்மை யாராவது அழைத்தால் சண்டைக்குப் போவோம். நானும் பள்ளிப் பருவத்தில் போயிருக்கிறேன். அதே சொல் இங்கே ஒரு தலைவரின் பட்டமாகப் பெயர்ப்பலகையில் நிமிர்ந்து நிற்கிறது. வசவாகிப்போனது சொல்லின் குற்றமல்ல, சொன்ன வாய்களின் குற்றம் என்றே எனக்குப் படுகிறது. தொழுகைக்குக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்ததால் வெளியிலிருந்தே குவிமாடங்களைப் பார்த்துவிட்டுச் சூலியா ஸ்திரீட்டுக்குத் திரும்பினேன். கிங் ஸ்திரீட்டைச் சந்திக்கும் மூலையில் நாகூர் தர்கா சிறியதாக, வெள்ளையடித்து நின்றது. அடக்கத்தலம் நாகூரில் இருக்க, இது நினைவுக்காகக் கட்டப்பட்டது. தாத்தா கப்பலேறிய ஊருக்குப் பக்கத்து ஊரின் பெயரை அங்கே படித்தபோது கொஞ்ச நேரம் நகராமல் நின்றேன்.

ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் அக்கரையிலிருந்து கப்பலில் வந்து, வியாபாரமும் கூலி வேலையும் செய்து, கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஊர் திரும்புகிறார்கள் என்று 1794இலேயே லைட் எழுதியிருக்கிறார். திரும்பாதவர்களின் கணக்கை அவர் தரவில்லை. அந்தக் கணக்கில் வருகிறவர்கள் நாங்கள்.

நாசி கண்டார் கடையில் வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. சோற்றின் மேல் நாலு வகைக் குழம்பையும் வெள்ளமாக ஊற்றி பொங்குஸ், அதாவது பொட்டலம் கட்டி வாங்கி, வெல்டு கீயில் எதிர்க்கரை பட்டர்வொர்த்தைப் பார்த்தபடி சாப்பிட்டேன். பயிற்சி அறைக்குள் நுழைந்தபோது மணி இரண்டு ஐம்பது. பயிற்றுநர் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர்தான் மல்லிகை வாசம் எங்கிருந்து வருகிறது என்று மாலைவரை தேடிக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்கு மறுபடியும் குவீன் ஸ்திரீட்டுக்குப் போனேன். நடை திறந்திருந்தது. அக்கா என் கையிலிருந்த பூவைப் பார்த்து, "வாடிப்போச்சே தம்பி, அம்மனுக்குப் புதுசா வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு, என் செருப்புக்குக் கடையோரமாக இடம் ஒதுக்கித் தந்தார்.